வண்டி சொல்லிவிடும்

பதினொரு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னவர் ஒன்றரை ஆகியும் வரவில்லை.

ஷோரூம் சோபாவில் டாக்டரம்மாவுக்கு மூன்றாவது காபி வந்தது. அவள் டாக்டர் இல்லை. முட்டி, முதுகு, பக்கவாதம் என்று படுத்துக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய் எழுப்பி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட். ஆரம்பத்தில் "நான் டாக்டர் இல்லீங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் திருத்திப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. விட்டுவிட்டாள்.

அவள் அப்படி விட்டுக்கொடுத்த விஷயங்கள் நிறைய. கார் விஷயத்தில் மட்டும் விடவில்லை.

அவள் வீட்டில் இரண்டு மாதமாக நடக்கும் யுத்தம் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பத்து வருடம் தாண்டிய டீசல் கார்கள் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நகரத்துக்குள் வரக் கூடாது என்று உத்தரவு. இவர்கள் காருக்கு வயது பன்னிரண்டு. தினமும் காலையில் கணவர் அவளை முதல் பேஷண்ட் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் தன் ஆபீசுக்குப் போவார். மாலையில் வந்து கூட்டிக்கொண்டு போவார். இரண்டு பேர் வேலையும் நகரத்துக்குள். அதனால் அவள் தன் பெயரில் ஒரு எலெக்ட்ரிக் கார் பதிவு செய்தாள். பழைய டீசலைக் கொடுத்துப் புதியதை எடுக்கும் சலுகை இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. பழைய வண்டி அவர் பெயரில் இருப்பதால் அவரே ஓட்டிவந்து, அவரே கையெழுத்துப் போட வேண்டும்.

அவ்வளவுதான். ஒரு வண்டி, ஒரு கையெழுத்து. அதற்குத்தான் இந்தப் பாடு.

கணவர் டீசல் இன்ஜின் பாகங்கள் விற்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக சேல்ஸ் மேனேஜர். எலெக்ட்ரிக் கார் என்ற பேச்சை எடுத்ததுமே அவருக்குப் பற்றிக்கொண்டது. பேட்டரி வெடிக்கும் என்றார். மழைத் தண்ணீரில் ஷாக் அடிக்கும் என்றார். பாதி வழியில் நின்றுபோனால் யார் தள்ளுவது என்றார். ஒவ்வொன்றுக்கும் அவள் விசாரித்துப் பதில் கொண்டுவந்தாள். பதில் வந்த மறுநாள் புதுக் கேள்வி வந்தது.

போன வாரம் ஷோரூமில் விற்பனைப் பெண் போனில் ஒரு ஆப்பைத் திறந்து காட்டினாள். எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லாம் அதில் தெரியுமாம். அதைப் பார்த்ததும் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் யாரும் கேட்காமலே, "சரி, எடுத்துக்கோ," என்றார். அந்த "சரி"யில் சண்டை போடுவதற்கு ஒன்றும் இல்லாததுதான் அவளுக்கு உறுத்தியது.

"அண்ணி, மறுபடியும் அடிச்சுப் பாருங்களேன்," என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தன். கணவரின் ஒரே தம்பி. வீடுகளிலும் அலுவலகங்களிலும் சார்ஜிங் பாயின்ட் பொருத்திக் கொடுக்கும் எலெக்ட்ரீஷியன். அண்ணன் அவனுக்கு வைத்த பெயர் ப்ளக். கேலியாக வைத்த பெயர், வீட்டில் அப்படியே நிலைத்துவிட்டது.

"பதினோரு மணிக்கு மீட்டிங்னாரு. பன்னெண்டு மணிக்கு டயர் பஞ்சர்னாரு. இப்ப எடுக்கவே மாட்டேங்கிறாரு," என்றாள். "அடுத்து என்ன சொல்லுவாரு, கார் காணாமப் போச்சுன்னா?"

விற்பனைப் பெண் கண்ணாடி அறையிலிருந்து வந்தாள். சிரித்துப் பேசியே வாய் வலித்துப்போன முகம்.

"மேடம், சார் வர்றதுக்குள்ள பேப்பரையாவது சரிபார்த்து வச்சிடலாமா? ஃபைல் இருக்கா?"

இருந்தது. நேற்று மாலை இன்சூரன்ஸ் நகல் எடுப்பதற்காக அவளே காரிலிருந்து எடுத்து வந்திருந்தாள். விற்பனைப் பெண் ஒவ்வொரு தாளாக எடுத்து மேஜையில் அடுக்கினாள். பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று. ஃபைலின் பின்பக்க உறையில் கையை விட்டவள், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை வெளியே எடுத்தாள்.

"இதெல்லாம் வேணுமா மேடம், இல்ல தூக்கிப் போட்டுடலாமா?"

பார்க்கிங் சீட்டுகள். எந்த ரசீதையும் கிழித்துப்போடாத மனிதர் அவர். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டி, தேதி போட்டு, கம்பெனியில் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு கட்டாக இருக்கும் என்று டாக்டரம்மா கையில் வாங்கினாள்.

முதல் சீட்டு: பொது நூலகப் பார்க்கிங், மூன்றாம் தளம். உள்ளே ஒன்பது பத்து. வெளியே ஐந்து முப்பத்தைந்து.

இரண்டாவது சீட்டும் பொது நூலகம். மூன்றாம் தளம். உள்ளே ஒன்பது பதினைந்து. வெளியே ஐந்து முப்பது.

அவள் ரப்பர் பேண்டைக் கழற்றினாள். நாற்பத்தோரு சீட்டு இருந்தது. சனி, ஞாயிறு இல்லை. மற்ற எல்லா நாளும் அதே இடம், அதே தளம், அதே நேரம்.

கணவரின் ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது.

ஒரு நிமிடம் அவளுக்கு வேறு மாதிரி சந்தேகமும் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. அவர் பேசுவதைத் தினமும் எட்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து கேட்கக்கூடிய பெண் எந்த ஊரிலும் இருக்க முடியாது.

"தம்பி, வேனை எடுங்க."

ப்ளக் சீட்டுகளைப் பார்த்தான். "அண்ணி, நீங்க இங்க இருங்க. நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்."

"வேனை எடுங்கன்னேன்."

ப்ளக்கின் வேலை வேனும் எலெக்ட்ரிக்தான். பின்னால் ஒயர் சுருளும் ஏணியும் ஆடிக்கொண்டே வந்தன. வழியெல்லாம் டாக்டரம்மா வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக எதையாவது பேசிக்கொண்டே ஓட்டும் ப்ளக்கும் அன்றைக்கு ரோட்டை மட்டும் பார்த்தான்.

நூலகப் பார்க்கிங்கில் நகராட்சி பொருத்திய புதுச் சார்ஜிங் பாயின்ட்கள் முதல் தளத்தில் வரிசையாக நின்றன. அதைத் தாண்டி, சுற்றிச் சுற்றி மேலே ஏறினார்கள். மூன்றாம் தளம் முழுச்சுவர் இல்லாமல் காற்றோட்டமாக இருந்தது. கார்கள் குறைவு. கடைசி மூலையில், தூணுக்குப் பக்கத்தில், அவர்களுடைய சாம்பல் நிறக் கார்.

அவள் முதலில் பார்த்தது காரைக்கூட அல்ல, அதன் பின்னால் இருந்த குட்டைச் சுவரை. வெள்ளை அடித்த சுவர். சரியாக சைலன்ஸர் உயரத்தில் ஒரு கறுப்பு வட்டம். நடுவில் மையாக, ஓரத்தில் சாம்பலாக. ஒருநாள் இரண்டுநாள் புகையில் அப்படிப் படியாது. இதே இடத்தில், இதே மாதிரி பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி, ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

வேன் சத்தமில்லாமல் போய்ப் பக்கத்தில் நின்றது. உள்ளே இருந்தவர் நிமிரவே இல்லை.

சீட்டைப் பின்னால் சாய்த்திருந்தார். டை மடித்து டேஷ்போர்டில் இருந்தது. மடியில் அவள் காலையில் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ், பாதி சாப்பிட்டபடி. ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் ஹேங்கரில் கோட்டு, கசங்காமல்.

கண்ணாடியில் தட்டினாள். அவர் திரும்பினார். முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கடைசியில் பழக்கம்தான் ஜெயித்தது.

"மீட்டிங் இப்பத்தான் முடிஞ்சுது..."

"எந்த டயர் பஞ்சர்?"

அவர் டிபன் பாக்ஸை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தடவை அழுத்தினார். பிறகு கதவைத் திறந்து இறங்கி நின்றார்.

"வேலை போயிடுச்சு," என்றார்.

"எப்போ?"

"போன மாசத்துக்கு முந்தின மாசம். முதல் வாரம்." தம்பி வேனுக்குப் பக்கத்தில் நிற்பதை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "டீசல் பிரிவையே மூடிட்டாங்க. ஆர்டர் வர்றது சுத்தமா நின்னுபோச்சு. எட்டு பேரையும் பெரிய ரூமுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து சொன்னாங்க. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து நீங்க என்ன பேசினீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்ன பேசினேன்?"

"எலெக்ட்ரிக் காருக்கெல்லாம் எதிர்காலமே கிடையாதுன்னு ஒரு மணி நேரம் பேசினீங்க. நான் உட்கார்ந்து கேட்டேன்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நேத்துகூட கேன்டீன் காபி வாயில வைக்க முடியலைன்னீங்களே."

"அது பொய் இல்ல. கீழ நூலகத்துல ஒரு மெஷின் இருக்கு. நிஜமாவே கேவலமா இருக்கும்."

வேறு நேரமாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இப்போது வந்தது எரிச்சல். அழலாமா என்று யோசித்துப் பார்த்தாள். அழுகைக்கு வர வேண்டிய இடத்தில் எல்லாம் எரிச்சலே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

"பேட்டரி வெடிக்கும்னீங்க. ஒரு பேஷண்டோட பையன் பேட்டரி இன்ஜினியர். பேஷண்ட் கால் ஊனி நிக்கறதுக்கு நான் பிடிச்சுக்கிட்டே பையன்கிட்ட விவரம் கேட்டு எழுதிட்டு வந்தேன். மழையில ஷாக் அடிக்கும்னீங்க. அதுக்கு தம்பி வந்து படம் போட்டுக் காட்டினாரு. தூரம் போகாதுன்னீங்க. நாம கடைசியா எப்பங்க தூரம் போனோம்? ஒவ்வொண்ணுக்கும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சுட்டு வந்து பதில் சொன்னேன். உங்களுக்கு பேட்டரி பிரச்சனையே இல்ல, இல்லையா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு காட்டிச்சே." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "வண்டி எங்க நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு உன் போன்ல வந்துடும்னு. அது எனக்கு முன்னாலேயே தெரியும், இந்தத் துறையில இருக்கறவன்தானே. நீ ஏதாவது பேஷண்ட் வீட்டுல இருந்துக்கிட்டு சும்மா திறந்து பார்த்தா, காலையிலிருந்து மூணாவது மாடியிலேயே நிக்குதுன்னு வண்டியே சொல்லிடும். இந்த வண்டி சொல்லாது. எத்தனை நாள் வேணும்னாலும் சொல்லாது."

"அப்ப எதுக்கு சரின்னீங்க?"

"இந்த வாரத்துக்குள்ள வேற வேலை கிடைச்சிடும்னு நினைச்சேன். ரெண்டு இடத்துல கேட்டிருந்தேன். இருபத்திரெண்டு வருஷ அனுபவம்னதும் நல்லாத்தான் பேசுறாங்க. எதுல அனுபவம்னு சொன்னதும் தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

கீழே எங்கோ ஒரு கார் ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றாள். இதை மட்டும் மெதுவாகக் கேட்டாள். "நான் என்ன செஞ்சிருப்பேன்?"

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்ட. அதுதான்." பிறகு தம்பியின் பக்கம் தலையை அசைத்தார். "இவன் மூஞ்சியிலயும் முழிக்கணும்ல. வருஷக்கணக்கா ப்ளக்கு ப்ளக்குன்னு கூப்பிட்டிருக்கேன். சாப்பிட உட்கார்ந்தா போதும், உன் தொழிலெல்லாம் ஒரு தொழிலாடான்னு ஆரம்பிச்சுடுவேன். இவன் ஒரு நாள்கூட திருப்பிச் சொன்னதில்ல. திருப்பிச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்ல."

ப்ளக் வேன் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால். தினமும் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் எத்தனையோ பேரைப் பார்க்கிறவள். வலிக்கிறது என்பவர்களிடம் எப்போது பேசிக்கொண்டிருக்க வேண்டும், எப்போது பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"சாவியக் கொடுங்க. நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. மத்ததெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். நிறைய இருக்கு, ஒண்ணும் விட்டுட மாட்டேன். இப்ப அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும்."

"இன்னுமா அந்த வண்டிய எடுக்கப் போற? எனக்கு வேலை..."

"எனக்கு வேலை இருக்கு. வண்டி என் பேர்ல. ஏறுங்க."

டிரைவர் சீட்டில் அவள் உட்கார்ந்து எத்தனையோ வருடம். அவர் கையில் கொடுக்கவே மாட்டார், க்ளட்ச் போய்விடும் என்பார். சாவியைத் திருப்பினாள். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினாள். இந்தத் தடவை டக்கும் இல்லை.

ப்ளக் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான். "இன்னைக்கு இன்ஜினை அணைச்சுட்டு ஃபேன், ரேடியோ எல்லாம் ஓடவிட்டீங்களா? பேட்டரி..." என்று சொல்லி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பேட்டரியை நம்ப முடியாதுன்னு நான் அப்பவே சொன்னேன்," என்றார் கணவர், பழக்க தோஷத்தில்.

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

ப்ளக் வேனிலிருந்து ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிவந்தான். அவசரத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி. பானட்டைத் திறந்து இரண்டு கிளிப்பை மாட்டினான். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது. சுவரில் இருந்த கறுப்பு வட்டத்தின் மேல் இன்னும் ஒரு கை புகை அப்பியது.

"வேன்ல பதினோரு பர்சென்ட்தான் இருக்கு அண்ணி. முதல் தளத்துல சார்ஜ்ல போட்டுட்டு உங்ககூடவே வந்துடுறேன். சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

பதினோரு பர்சென்ட் என்றதும் கணவர் வாயைத் திறந்தார். பிறகு தானாகவே மூடிக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் டாக்டரம்மா முதல் முறையாகப் பார்த்த காட்சி அது.

மூன்று பேரும் கிளம்பும்போது மணி மூன்றே கால். ப்ளக் பின் சீட்டில், கோட்டுக்குப் பக்கத்தில். அவள் இரண்டாவது கியரிலேயே வளைவுகளில் இறங்கி ரோட்டுக்கு வந்தாள். க்ளட்ச் ஒன்றும் போய்விடவில்லை. முதல் சிக்னல் வரைக்கும் கணவர் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

பெரிய சிக்னலில் சிவப்பு விழுந்தது. போன் அடித்தது. வெளியூரில் காலேஜில் படிக்கும் மகள்.

"எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள்.

"அம்மா, அப்பா ஆபீஸ்ல யாருமே போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. அப்பா நம்பரும் போக மாட்டேங்குது. எனக்கு நாளைக்குள்ள ட்ரெய்னிங் எங்கேன்னு எழுதிக் கொடுக்கணும். அப்பா கம்பெனியிலேயே கேட்டு வாங்கித் தர்றேன்னு எத்தனை வாரமா சொல்லிட்டு இருக்காரு. இதோ அதோன்னு இழுத்தடிக்கிறாரும்மா. என்னால முடியல."

கணவர் மனைவியைப் பார்த்தார். நீயே ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு என்று கெஞ்சும் பார்வை. நாற்பத்தோரு நாள் அவருக்கு உதவிய எத்தனையோ கதைகளில் இன்னும் ஒன்று அவளிடம் இருக்காதா என்ன.

அவள் ரோட்டைப் பார்த்தாள். "உங்க பொண்ணுதான். பேசுங்க."

அவர் போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். ஸ்பீக்கரில் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

"குட்டி, அப்பாதான்."

"அப்பா? இந்நேரத்துல அம்மாகூட என்ன பண்றீங்க?"

"நான் அந்தக் கம்பெனியில இல்லம்மா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு மாசமா இல்ல. வேலை போயிடுச்சு. உங்கிட்ட சொல்லாம ஏமாத்திட்டேன். அங்க உனக்குக் கேட்டு வாங்கித் தர என்னால முடியாது."

போனில் கொஞ்ச நேரம் ஹாஸ்டல் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். ஒரு கதவைச் சாத்தினார்கள். டாக்டரம்மா இடது கையை கியரிலிருந்து எடுத்து அவர் முழங்கால் மேல் வைத்தாள். வைத்த பிறகுதான் வைத்தது அவளுக்கே தெரிந்தது.

"சரிப்பா," என்றாள் மகள். "கவலைப்படாதீங்க. நான் வேற இடத்துல கேக்குறேன். ஒரு நிமிஷம்..." அவள் எதையோ கணக்குப் போட்டுப் பார்ப்பது போல் நிறுத்தினாள். "அதனாலதான் சித்தப்பா போன மாசமே எனக்கு போன் பண்ணி, அப்பா கம்பெனிய நம்பி உட்காராத, வேற எங்கயாவது எழுதிப் போடுன்னு சொன்னாரா?"

முழங்கால் மேல் இருந்த கை எழுந்தது.

சிக்னலில் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். டாக்டரம்மா வண்டியை எடுக்கவில்லை. நிமிர்ந்து, மேலே இருந்த கண்ணாடியைத் திருப்பி, பின் சீட்டைப் பார்த்தாள்.

அங்கே முகம் இல்லை. ப்ளக் குனிந்து, மிகுந்த அக்கறையோடு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவன் போட்டிருந்தது கயிறே இல்லாத ஷூ.